அம்பயர் விட்டுவிட்ட இரண்டு சுற்று

இதை எழுத வேண்டும் என்று நினைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் புது நோட்டு வாங்குவேன். மேலே பெருமாள் பெயரை எழுதுவேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு வார்த்தையை எழுதியாக வேண்டும். அந்த இடத்தில் பேனா நின்றுவிடும். நோட்டை மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். (வீட்டில் அப்படி நாலு நோட்டு கிடக்கிறது. நாலிலும் பெருமாள்தான் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.)

போன மாதம் இந்தக் கதைக்கு உரிய ஆளே வீட்டுக்கு வந்தார். "எம் பேரை மட்டும் மாத்திக்கிடுங்க அண்ணாச்சி. மத்தது அம்புட்டையும் எழுதுங்க" என்றார். இனி தப்பிக்க வழியில்லை. அவருக்கு இங்கே மாடசாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயசு. அதனால் அவன் என்றே எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. வேலை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். காலையில் குளித்து, நாமம் இட்டு, ஆண்டாள் தாயாரைச் சேவித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். லீவு நாளில் கபடி ஆட்டங்களுக்கு அம்பயர். நெற்றியில் நாமம், கழுத்தில் துளசிமணி, அதற்கும் கீழே பித்தளை விசில். இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தால் சுற்று வட்டாரத்துப் பயல்கள் ஆட்டத்தில் கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. விசிலை வாயிலிருந்து எடுக்கிற பழக்கமே கிடையாது. பேசும்போதுகூட ஓரத்தில் கவ்வியபடியே பேசுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எய்ட்ஸ் பற்றி இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும், கூட்டம் போட்டால் ஒருத்தனும் வருவதில்லை, கபடி என்றால் ஊரே வருகிறது, அதனால் கபடியை வைத்தே சொல்லிக் கொடுப்போம் என்றார்கள். மதுரையில் இரண்டு நாள் பயிற்சி. ஒரு டாக்டரம்மா நடத்தினார். அவர் சொன்ன முறை மூன்று சுற்று.

முதல் சுற்றில் பாடி வருகிறவன்தான் நோய்க்கிருமி. எதிரே நிற்கிற ஏழு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள். அவன் தொட்டவனெல்லாம் அவுட். இரண்டாம் சுற்றில் ஏழு பேரும் ஒரு காவலைச் சத்தமாகச் சொல்லிச் சிவப்புத் துணியைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டின துணைக்கு உண்மையாக இருப்பது ஒன்று. ஆணுறை ஒன்று. புது ஊசி, பரிசோதித்த ரத்தம் என்று இப்படிப் போகும். துணி கட்டினவனைத் தொட்டாலும் செல்லாது. மூன்றாம் சுற்றில் ஆட்டமே கிடையாது. பாடி வந்தவன் இப்போது கிருமி இல்லை, நோய் வந்த ஒரு மனுஷன். ஏழு பேரும் போய் அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும். தொட்டால் வராது, வியர்வை பட்டால் வராது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் வராது என்று கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றில் ஒன்றை விட்டாலும் தப்பான பாடம் ஆகிவிடும் என்று டாக்டரம்மா ரெண்டு தடவை சொன்னார். கூட்டத்திலேயே பலமாகத் தலையாட்டியவன் நான்தான். பிறகு அந்த வார்த்தையை எல்லோரும் கூச்சம் விட்டுச் சத்தமாகப் பத்துத் தடவை சொல்லிப் பழக வேண்டும் என்றார். என் முறை வந்தபோது நான் கக்கூசில் இருந்தேன். (வயிறு நன்றாகத்தான் இருந்தது.)

ஊருக்கு வந்து முதல் ஆட்டம் மம்சாபுரத்தில், பொங்கல் விளையாட்டுப் போட்டியன்று. மம்சாபுரம் என் மாமனார் ஊர். அவர் பேச்சுக் குறைந்த விவசாயி. சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போகிறவர். கிருமியாக நடிக்க நல்ல ஆட்டக்காரன் வேண்டும் என்று மாடசாமியைக் கூப்பிட்டேன். அந்த ஊர் அணியில் அவனைப் போலப் பாடிப் போக ஆள் கிடையாது. இரண்டு வருஷம் வடநாட்டு லாரியில் கிளீனராகப் போய்விட்டு, மஞ்சள் காமாலை வந்து பாதி உடம்பாகத் திரும்பியிருந்தான். ஆனாலும் கால் அதே கால். ஒரே மூச்சில் ஐந்து பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். ஊரே கை தட்டியது.

அடுத்தது இரண்டாம் சுற்று. சிவப்புத் துணியைக் கையில் எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் முன் நாற்காலியில் மாமனார். பக்கத்தில் மாமியார். அவருக்குப் பின்னால் என் மனைவி கோதை, அவள் மடியில் எங்கள் சின்னவள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.  பிறகு விசிலை நீளமாக ஊதினேன்.

"பாத்தியளா எல்லாரும்? பாடி வாரவன் தொட்டா அவுட்டு. அதுதாம்ப்பா அந்த நோயி. சூதானமா இருந்துக்கிடுங்க" என்று சொல்லிக் கும்பிடு போட்டேன்.

பலத்த கைதட்டல். நறுக்கென்று பேசினதாக மாமனாரே பாராட்டினார். மாமியார் சர்க்கரைப் பொங்கலில் முந்திரியாகப் பொறுக்கி வைத்தார். முந்திரியைத் தின்றுகொண்டே, மிச்ச இரண்டு சுற்றை வேறு ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பதினாறு நாள் கழித்து எங்கள் மில்லில் ஆண்டு விழா விளையாட்டு. மில் அணிக்குக் கபடி ஆட்டக்காரன் ஒருத்தன் வேண்டும், நல்லவனாகக் கிடைத்தால் நிரந்தர வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நானே போய் மாடசாமியின் பெயரைச் சொன்னேன். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். காமாலைக்குப் பிறகு லாரிக்காரர்கள் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. வீட்டில் அவன் சம்பாத்தியம்தான். அந்த ஒரு சாயங்கால ஆட்டத்தை நம்பித்தான் அவன் வந்தான்.

மம்சாபுரத்துக்கு எதிராகச் சேத்தூர் அணி. மைதானத்தைச் சுற்றி மில் குடும்பங்கள். ஒரு பக்கம் பெண்கள் வரிசையில் கோதை. மம்சாபுரத்திலிருந்து அணியோடு என் மாமனாரும் பஸ் ஏறி வந்திருந்தார். முன் வரிசையில் மேனேஜர். வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது.

சேத்தூர்க்காரன் முதலில் பாடி வந்தான். மம்சாபுரத்துப் பையன்கள் கை கோத்துச் சங்கிலி போட்டார்கள். அப்போதுதான் முதல் தடவையாக எனக்கு என்னவோ போல் இருந்தது. சங்கிலி நடுவில் அறுந்திருந்தது. மாடசாமி நடுவில் இரண்டு கையையும் நீட்டியபடி நிற்கிறான். இடது பக்கத்தவனும் கை கொடுக்கவில்லை, வலது பக்கத்தவனும் கொடுக்கவில்லை. பிறகு அவன் கையை மெல்ல இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

அடுத்து மாடசாமி பாடிப் போனான். கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பான். சேத்தூர் அணி ஏழு பேரும் பின்னால் துள்ளினார்கள். ஒருவன் பின்கோட்டைத் தாண்டினான். அவனைப் பார்த்து இன்னொருவன். கண் மூடித் திறப்பதற்குள் ஏழு பேரும் களத்துக்கு வெளியே நின்றார்கள். களத்தை விட்டு வெளியே கால் வைத்தால் அவுட், அது சட்டம். நான் சட்டம் தவறாதவன் ஆயிற்றே. ஏழு தடவை விசில் ஊதி ஏழு புள்ளி கொடுத்தேன். மொத்த அணியும் அவுட் என்றால் லோனா, மேலே இரண்டு. யாரையும் தொடாமல் ஒன்பது புள்ளி வாங்கிய ஆட்டக்காரனை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கூட்டம் சிரித்தது. மாடசாமி சிரிக்கவில்லை.

அடுத்த தடவையும் அதேதான். அதற்கடுத்த தடவை அவன் பாடவே இல்லை, சும்மா நடந்து போனான். அதற்கும் ஓடினார்கள். மேனேஜர் என்னைக் கை காட்டி அழைத்தார். இது என்ன ஆட்டம், நீர் சொன்ன பையன் இவன்தானா என்று கேட்டார். எனக்கு வேர்த்துக் கொட்டி நாமம் மூக்குவரை இறங்கிவிட்டது. சேத்தூர்க் கேப்டன் பாண்டியைக் கூப்பிட்டு ஏன் ஓடுகிறீர்கள் என்று அதட்டினேன்.

"என்ன அண்ணாச்சி தெரியாத மாதிரி கேக்கிய? நீங்கதான சொன்னிய, தொட்டா அவுட்டுன்னு. எங்க பயலுவளும் அன்னைக்கு மம்சாபுரத்துக்கு வந்தானுவல்லா. இவனைத்தான நிப்பாட்டிக் காட்டுனிய" என்றான் பாண்டி.

மேனேஜர் அதைக் கேட்டுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சமயம் பார்த்து மம்சாபுரம் அணி மேனேஜரும் ஓடி வந்து, இடைவேளைக்குப் பிறகு மாடசாமியை உட்கார வைத்துவிட்டு வேறு ஆளை இறக்குகிறோம் என்றார். உட்கார வைத்தால் அவன் வேலை அதோடு முடிந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இடைவேளை ஐந்து நிமிஷம். மாடசாமி களத்துக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தான். போய் முன்னால் நின்றேன். தம்பி, நீ இறங்கு, நான் பேசிச் சரி பண்ணுகிறேன் என்று ஏதோ உளறினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பதினாறு நாளாச்சு அண்ணாச்சி. வீட்டுல தட்டைத் தனியா வச்சிட்டாவ. எங்கம்மா தட்டைக் கீழ வச்சிட்டுத் தள்ளிப் போயிருது. எனக்கு வந்திருக்கா வரலையான்னுகூட ஒருத்தரும் கேக்கல. நீங்க விசில் ஊதிட்டியல்லா, முடிஞ்சு போச்சு."

 நேராக மைக்குக்குப் போனேன். போகிற வழியில் தாயாரிடம், வார்த்தையைத் தா, இல்லாவிட்டால் இப்போதே மயக்கத்தையாவது தா என்று வேண்டிக்கொண்டேன். மயக்கம் வரவில்லை.

"அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். தொட்டா இந்த நோய் வராது" என்று ஆரம்பித்தேன். வியர்வையால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே தம்ளரில் குடித்தால் வராது, கொசு கடித்தால் வராது. இதுவரை நன்றாகவே போனது. நோய் உள்ளவரின் ரத்தத்தால் வரும், ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போட்டால் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரலாம். அதையும் சொல்லிவிட்டேன். பாதுகாப்பில்லாத உறவால் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அதற்குப் பாதுகாப்பு என்ன என்றால், என்று நிறுத்தினேன்.

விசில் வாய் ஓரத்திலேயே இருந்தது. வார்த்தைக்காக மூச்சை இழுத்துவிட்டேன். விசில்தான் ஊதியது. குழாய் ஸ்பீக்கரில் அது காதைக் கிழித்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது என்று நினைத்து இரண்டு அணியும் களத்துக்கு ஓடி வந்தன. மறுபடி, பாதுகாப்பு என்ன என்றால் என்றேன். மறுபடி விசில். இரண்டு அணியும் திரும்பிப் போயின. கூட்டம் புரண்டு சிரிக்கிறது. மேனேஜர் எழுந்து நிற்கிறார், போகத்தான் எழுந்தார். 

பெண்கள் வரிசையிலிருந்து கோதை எழுந்தாள். "ஏங்க, அந்த விசிலைத் துப்பிட்டுச் சொல்லுங்க" என்றாள்.

துப்பினேன். "ஆணுறை" என்றேன்.

வேப்ப மரம் அதை வாங்கி ரோட்டுக்கு அனுப்பியது. எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. மாமனார் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு தடவை வந்துவிட்டதும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, அடைத்த குழாய் திறந்த மாதிரி ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டேன். போதும் அண்ணாச்சி, விளங்கிட்டு என்று யாரோ கத்தியதும்தான் நிறுத்தினேன்.

ஆனால் பாண்டி விடவில்லை. களத்துக்கு நடுவில் வந்து நின்றான்.

"பேச்சு எல்லாம் சரிதான் அண்ணாச்சி. நீங்க பிடிப்பியளா?"

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயசு. தொப்பை உண்டு. முழங்கால் போய்த்தான் அம்பயர் ஆனதே. பிடிக்கிறேன் என்றேன். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சேத்தூர் பக்கத்துக் களத்தில் தனி ஆளாகப் போய் நின்றேன். மாடசாமியைப் பாடி வரச் சொன்னேன்.

மாடசாமி அசையவில்லை.  கோபத்தில் அப்படியே பஸ் ஏறிப் போய்விடுவானோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. (இந்தத் தடவை நிஜமாகவே.) செத்த நேரம் கழித்து எழுந்தான். கோட்டில் வந்து நின்றான். குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். பாடிக்கொண்டு வந்தான்.

ஒப்புக்கு மெதுவாக வருவான் என்று நினைத்திருந்தேன். பதினாறு நாள் கோபத்தையும் காலில் கட்டிக்கொண்டு வந்தான். அம்பயர் புத்தி, களத்தில் கால் வைத்ததும் என் வாய் தானாக விசிலைக் கவ்விக்கொண்டது. அவன் என் நெஞ்சில் தொட்டான். திரும்பினான். நான் விழுந்து இரண்டு கையாலும் அவன் கணுக்காலைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால், பஸ் கிளம்பின பிறகு படிக்கட்டுக் கம்பியைப் பிடிக்கிற பிடி. அவன் நிற்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு பாடியபடியே நடந்தான். பத்தடி தூரம் நான் வயிற்றால் களத்தைப் பெருக்கிக்கொண்டு போனேன். வாயில் மண், கண்ணில் மண். விடக் கூடாது, விட்டால் பயந்து விட்டான் என்பார்கள் என்று அது ஒன்றுதான் மனசில் ஓடியது. கடைசியில் ஒரே வெட்டு வெட்டி நடுக்கோட்டுக்குக் கையை நீட்டினான். என் முகம் தரையில் மோதியது. நடுவில் பித்தளை விசில். முன்பல் இரண்டு போய்விட்டது.

அவன் கோட்டைத் தொட்டுவிட்டான். கணக்குப்படி நான் அவுட். படுத்தபடியே கையைத் தூக்கி எனக்கு நானே அவுட் கொடுத்தேன்.

வாயிலிருந்து ரத்தம். பாண்டி ஓடி வந்து துடைக்கக் கையை நீட்டினான். நான் அலறிவிட்டேன், "ஏலே, ரெத்தத்தை வெறுங்கையால தொடாத" என்று. அவன் விழித்தான். "இப்பத்தான தொட்டா ஒண்ணும் இல்லைன்னிய?" என்றான். பல் போன வாயோடு, தொடுவது வேறு, ரத்தம் வேறு, அது யாருடைய ரத்தமானாலும் சரி என்று மறுபடி முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டியதாயிற்று. மூன்று சுற்றுக்கும் மேலே நான்காவது சுற்று அது, டாக்டரம்மாவே யோசிக்காதது. மைக் இல்லாமலே கூட்டம் மொத்தமும் மூச்சுக் காட்டாமல் கேட்டது.

துணியை வாயில் அமுக்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். வேறு ஒருவர் விசிலை எடுத்துக்கொண்டார். (அவர் விசிலைத்தான். என்னுடையது நசுங்கிவிட்டது.) மம்சாபுரத்து அணி மேனேஜர் மாடசாமியை உட்கார வைப்பது பற்றி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் பாதியில் சேத்தூர்க்காரன் பாடி வந்தபோது நான் ஆட்டக்காரனைப் பார்க்கவில்லை, சங்கிலியைத்தான் பார்த்தேன். இடது பக்கத்தவன் கை கொடுத்தான். வலது பக்கத்தவன் கொஞ்சம் யோசித்தான். கையை டவுசரில் துடைத்துவிட்டு அவனும் கொடுத்தான்.

மாடசாமி பாடிப் போனான். யாரும் ஓடவில்லை. பாண்டி இடுப்பைப் பிடித்தான். இன்னொருவன் காலைப் பிடித்தான். மூன்றாவது ஒருவன் மேலேயே விழுந்தான். மாடசாமியின் பாட்டு நின்றது, அவுட். அடுத்த தடவையும் பிடித்துவிட்டார்கள். வாங்கியிருந்த புள்ளியெல்லாம் கரைந்து மம்சாபுரம் தோற்றுப் போனது. மாடசாமி என்னிடம் வந்து, "பிடிச்சிட்டானுவ அண்ணாச்சி" என்றான். உடம்பெல்லாம் மண். அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

மில் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். எழுந்திருக்கப் போனேன், வேண்டாம் என்று கை காட்டினார்.

"உம்மை மாதிரி ஒரு பாரத்தைக் காலில் கட்டிக்கிட்டுக் கோடு தொடுறான். திங்கக்கிழமை வரச் சொல்லும்" என்றார்.

அவன் வந்தான். அதே மில்லில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தான். அவனுக்கு நோய் இருந்ததா இல்லையா என்று இதைப் படிக்கிறவர்கள் நினைப்பீர்கள். நான் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்பதற்குத்தான் என் பல் இரண்டு போனது. அடுத்த வாரமே மம்சாபுரம் போய் அவன் அம்மாவுக்கும் ஊர்க்காரர்களுக்கும் முன்னால் மிச்ச இரண்டு சுற்றையும் நடத்தினேன். அந்த அம்மா எனக்கும் அவனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் தட்டு வைத்தது. எனக்குத்தான் கடிக்க முடியவில்லை, சோற்றைக் கரைத்துக் குடித்தேன்.

ஆட்டம் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மாமனார் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். பாதி வழி வரை பேசவில்லை. ஊர் முன்னால் மருமகன் மானத்தை வாங்கிவிட்டான் என்று நினைக்கிறாரோ, இனி வீட்டுப் படி ஏற முடியுமோ என்று எனக்கு ஒரே கலக்கம். முன் சீட்டில் கோதையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மாமனார் தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே, அந்த வார்த்தையை மம்சாபுரத்துலயே சொல்லியிருக்கலாம்லா. பல்லாவது மிஞ்சியிருக்கும்" என்றார்.

முன் சீட்டில் கோதையின் தோள் குலுங்கியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைச் சொல்லத் தயங்கினாலும் இதுதான் பேச்சு. பரீட்சை மார்க்கை மறைத்துக்கொண்டு பையன் நின்றால், "பல்லு போறதுக்குள்ள சொல்லிரு" என்பாள் கோதை. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது வாயைத் திறக்காத சின்னவளிடமும் அதையே சொன்னார்கள். போன வருஷம் பேரன் என் பல்செட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தாத்தா இது எந்த வார்த்தைக்குப் போனது என்று கேட்டான். சொன்னேன். எந்த வார்த்தை என்றும் சொன்னேன், அவனுக்குப் பதினைந்து வயசு ஆகிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில், மில்லில், பஸ்ஸில் யாரிடமாவது இதைச் சொல்வீர்கள் என்றால் தயவுசெய்து அப்படியே சொல்லுங்கள். பல் போன இடம்வரை சொல்லிச் சிரித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மாடசாமி தனித் தட்டில் சாப்பிட்ட பதினாறு நாளையும் சொல்லுங்கள். எது வரும், எது வராது என்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள். பெரியவர்கள் இருக்கிறார்கள், பெண்கள் இருக்கிறார்கள் என்று அந்த ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். பாதி சொல்வதாக இருந்தால், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாமலே இருந்துவிடுங்கள்.